நலிந்த காலத்தில் சிறுதொழில் தொடங்குதல் அறமாகுமா?

நாட்டின் பொருளாதாரம் செழித்திருக்கும் காலத்தில் ஒருவர் கடை திறந்தால் ஊரார் வாழ்த்துவர். அது நலிந்திருக்கும் காலத்தில் அதே மனிதர் அதே கடையைத் திறந்தால், “இருப்பதையும் இழக்கப் பார்க்கிறாரே” என்று வருந்துவர். கடை ஒன்றே, கைமுதலும் ஒன்றே, காலம் மட்டுமே வேறு. காலம் மாறியதனால் ஒரு செயலின் நன்மையும் தீமையும் மாறிவிடுமோ? மாறும் எனின், எவ்வளவு மாறும்?

இவ்வினாவை நாம் பொழுதுபோக்காக எழுப்பவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபின் நம் இல்லங்கள் பலவற்றில் இவ்வினா எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் முடிய உள்ள காலாண்டில், நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை இழந்த பிள்ளைகள் பெட்டியுடன் ஊர் திரும்பினர். திரும்பியவருள் சிலர், “இனி ஒருவரிடம் கைகட்டி நிற்க மாட்டோம், சொந்தமாக ஏதேனும் செய்வோம்” என்றனர். தந்தையர் தம் ஓய்வூதியப் பணத்தை நினைத்து அஞ்சினர். தாயர் தம் நகைப்பெட்டியை நினைத்து மௌனமாயினர். அந்த அச்சமும் அந்த மௌனமும் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. மந்தம் என்பது ஒருமுறை வந்து போவதன்று. தலைமுறைதோறும் ஏதேனும் ஒரு வடிவில் வருவது. ஆகவே இதனை அமைதியான நேரத்தில் சிந்தித்து வைத்தல் நலம்.

நம் மக்கள் வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் பெரும்பாலும் உழவையும் ஆசிரியப் பணியையும் அலுவலகப் பணியையும் நம்பி வாழ்ந்தவர்கள். மழையை நம்பியோர் ஒரு சாரார். மாதத்தின் முதல் நாளை நம்பியோர் மற்றொரு சாரார். வாடிக்கையாளரை நம்பி வாழ்தல் நம்மில் பலருக்குப் புதிது. அதனால்தான் இவ்வினா நம்மிடையே சற்றுக் கூடுதலாகவே வலிக்கிறது.

கற்பகத் தரு வாடிய காலம்

நம் புராணங்கள் கூறும் முதற் பொருளாதார நலிவு எது என்று மாணாக்கர் வினவினால், கற்பக மரங்கள் வாடிய காலமே என்று விடை கூறலாம். போக பூமியில் மக்கள் கேட்டதைக் கற்பகத் தருக்கள் கொடுத்தன. உழைப்பு இல்லை, சேமிப்பு இல்லை, விலையும் இல்லை. காலம் தேய்ந்தபோது மரங்களின் ஆற்றல் குன்றியது. பசித்த மக்கள் நாபி மகாராசனிடம் சென்று முறையிட, அவர் தம் மைந்தராகிய விருஷபதேவரிடம் அவர்களை அனுப்பினார். பகவான் அவர்களுக்கு மற்றொரு கற்பக மரத்தைப் படைத்துத் தரவில்லை. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்றுக் கொடுத்தார். ஆதிபுராணத்திலும், தமிழில் ஸ்ரீபுராணத்திலும் நாம் வழிவழியாகக் கேட்டுவரும் வரலாறு இது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கவை இரண்டு. தொழில் என்பது செழிப்பின் குழந்தை அன்று; வற்றிய காலத்தின் குழந்தை. ஆதலின் நலிந்த காலத்தில் தொழில் தொடங்குவதே தவறு என்பார்க்கு நம் மரபில் ஆதாரம் இல்லை. இஃது ஒன்று. பகவான் தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பதும் அதே வரலாற்றில் உள்ளது. தொழிலோடு எண்ணும் சேர்ந்தே வந்தது என்பது மற்றொன்று. கணக்கின்றித் தொழில் செய்வோர் ஒரு கையை மட்டுமே பெற்றுக்கொண்டவர் ஆவர்.

அண்மைக் கால வரலாறு

புராணத்தோடு நில்லாமல், நம் பாட்டனார் காலத்து நிகழ்ச்சிகளையும் நோக்குவோம்.

1906ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் என்னும் ஆங்கிலேயர் நிறுவனம் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் அதில் பணம் போட்டிருந்தனர்; ஓய்வு பெற்றோரின் சேமிப்பும் கைம்பெண்களின் பணமும் அதில் இருந்தன. இலண்டனில் நடந்த ஊக வாணிபத்தின் இழப்பு அவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம். ஊரெங்கும் நம்பிக்கை குலைந்திருந்த அந்நாளிலேயே, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று, நம்மவர் முதலீட்டில் ஒரு வங்கியை நிறுவினர். 1907 ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது. மக்கள் அன்று இழந்தது பணம் மட்டுமன்று, நம்பிக்கையும்கூட. இழந்த அந்தப் பொருளையே புதியவர்கள் தரமுன்வந்தார்கள். சிறுதொழில் தொடங்குவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதில் அடங்கியுள்ளது: இந்த நலிவில் மக்களுக்கு எது இல்லாமற் போயிற்று?

1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் நெல்லும் நிலக்கடலையும் விலை வீழ்ந்தன. உழவர் கடனில் மூழ்கினர். அவர்தம் துயர் தணிக்க 1938இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆயினும் அதே ஆண்டுகளில்தான் கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகின. 1932இல் பைகாரா நீர்மின்சாரம் வந்தது. பஞ்சு மலிவாய்க் கிடைத்தது. கிராமங்களில் வட்டிக்கு விட்ட பணம் திரும்பாமையால், பணம் படைத்தோர் அதனை நகரத்துத் தொழில்களுக்குத் திருப்பினர். விலை வீழ்ச்சி ஒருவருக்கு அழிவாகவும் மற்றொருவருக்கு முதலாகவும் அமைந்தது என்பதை மறவாமல் குறித்துக்கொள்வோம். இதில் அறவினா ஒன்று உண்டு. பின்னர் அதற்கு வருவோம்.

சிவகாசியில் மழை பொய்த்த நிலத்தில் பிழைக்க வழி தேடிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று, மறு ஆண்டு தம் ஊரில் அத்தொழிலைத் தொடங்கினர். வறண்ட வட்டாரம் ஒன்று அதனால் வாழ்வு பெற்றது. இதனை நன்றியுடன் சொல்ல வேண்டும். அத்தொழில் பெருகியபோது பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவர் பலர் தீப்பெட்டி ஒட்டும் பலகையின் முன் அமர்ந்தனர். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது குறித்துத் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இதனையும் சொல்லியாக வேண்டும். வகுப்பறையில் வருகைப் பதிவேட்டை வாசித்தே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த நமக்கு, அந்த வெற்றிடங்களை மறக்க இயலவில்லை. வறுமையைப் போக்கத் தொடங்கிய தொழில், வறுமையையே தன் மூலப்பொருளாகக் கொண்டுவிடலாகாது.

இழப்பை யார் சுமப்பது?

தொழிலில் இலாபம் வருமா, நட்டம் வருமா என்பதை முன்கூட்டி உரைக்க வல்லார் எவருமிலர். ஆகவே வெற்றியை வைத்து ஒரு தொடக்கத்தை நல்லது என்றும், தோல்வியை வைத்துத் தீயது என்றும் முடிவு கட்டுவது முறையன்று. அறத்தின் நோக்கில் கேட்கத்தக்க வினா வேறு. தோற்றால் அந்த இழப்பு யார் தலையில் விழும்? அவர் அதனை அறிந்து, மனமொப்பி ஏற்றாரா?

இங்கே நம் சமயநூல்கள் கூறும் நுட்பம் ஒன்று பெரிதும் உதவும். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை விளக்குகையில், உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் கூறி நில்லாது, அவ்வூறு பிரமாதத்தினால், அதாவது கவனமின்மையாலும் ஆசை முதலியவற்றின் வயப்பட்டமையாலும் நேர்வதையே இம்சை என்கிறது. பார்த்து நடப்பவன் காலடியில் அவனறியாது ஓர் உயிர் மடிவதும், பாராது நடப்பவன் காலடியில் மடிவதும் ஒன்றல்ல. தொழிலிலும் இவ்வாறே. ஆராய்ந்து, அளவறிந்து, தன் பொருளை இட்டு இழந்தவன் பழிக்கத்தக்கவன் அல்லன். ஆராயாது, பிறர் பொருளை, அவர் அறியாத ஆபத்தில் இட்டவன், இலாபமே பெற்றாலும் பழிக்குத் தப்பியவன் அல்லன். இலாபம் அவனுடைய கவனமின்மையை மறைத்ததேயன்றி நீக்கவில்லை.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். நம் உறவில் ஒரு பெண். ஆடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதி வந்தவள். 2020இல் வேலை போயிற்று. வந்தவாசிக்கு அண்மையில் உள்ள தன் ஊருக்குத் திரும்பி, மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டி விற்க எண்ணினாள். எந்திரத்துக்கும் கொட்டகைக்கும் அவள் போட்ட மதிப்பு நான்கு இலட்சம். தந்தையார் ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடையில் அவ்வளவு இருந்தது. ஆனால் அது இளையவளின் திருமணத்துக்கென்று வைத்தது.

அவள் நம்மிடம் வந்து, “பெரியம்மா, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்” என்றாள். நாம் அவளைக் கேட்டோம்: “அப்பாவிடம் கேட்டாய், சரி. தங்கையிடம் கேட்டாயா?” அவள் சிறிது நேரம் பேசவில்லை. “அவள் சின்னப் பெண், பெரியம்மா. அவளுக்கு என்ன தெரியும்?” என்றாள். “இருபத்திரண்டு வயதுப் பெண் சின்னப் பெண் இல்லை, அம்மா. போகப்போவது அவள் பணம். அவளுக்குத் தெரியாமல் எடுத்தால் உன் செக்கில் ஆடுவது எண்ணெய் இல்லை” என்றோம்.

அன்று இரவு குடும்பத்தார் நால்வரும் அமர்ந்து பேசினர். தங்கை ஓர் இலட்சத்துக்கு ஒப்பினாள். அதற்குமேல் வேண்டாம் என்றாள். ஓர் இலட்சத்தில் எந்திரம் வாங்க இயலாது. ஆகவே அக்காள் எந்திரம் வாங்கவில்லை. அருகூரில் பகலெல்லாம் ஓய்ந்து கிடந்த ஒருவருடைய செக்கில் கூலி கொடுத்து ஆட்டி, அறிந்த இல்லங்களுக்கு எண்ணெய் விற்றாள். ஓராண்டுக்கு மேல் இவ்வாறு நடந்தது. பின்னர் தன் வரவிலிருந்தே பழைய எந்திரம் ஒன்றை வாங்கினாள். அவள் செல்வச் சீமாட்டி ஆகவில்லை. முன்பு பெற்ற சம்பளத்தை எட்டவும் இல்லை. ஆனால் தங்கையின் ஓர் இலட்சம் திரும்பியது. அக்காள் தங்கை இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றனர். இஃது எந்த ஐந்தொகையிலும் வராத இலாபம்.

தங்கை போட்ட அந்த எல்லை தடையாகத் தோன்றினும், உண்மையில் அதுவே தொழிலைக் காத்தது என்பது நம் கருத்து. பிறர் பணத்துக்குப் பிறரே எல்லை வகுக்கும்போது, தொழில் தன் அளவைத் தானே கண்டுகொள்கிறது.

சுந்தரிக்குக் கற்பித்த எண்

ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்ற நாளில், பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பினுள் நுழைய விடமாட்டார்கள். நாற்பது நிமிடப் பாடத்துக்கே முன்திட்டம் வேண்டுமெனில், ஒரு குடும்பத்தின் சேமிப்பைச் செலவிடும் முயற்சிக்கு வேண்டாமா? எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை.

செக்கு வைத்தவருக்கு மாத வாடகை ரூ. 5,000, மின்கட்டணம் ரூ. 3,000, அரைநாள் உதவியாளர் சம்பளம் ரூ. 8,000, கடன் தவணை ரூ. 4,000. எண்ணெய் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதந்தோறும் ரூ. 20,000 வெளியே செல்லும். கடலை விலையும் புட்டியின் விலையும் போக, ஒரு லிட்டரில் ரூ. 40 நிற்கிறது என்று கொள்வோம். 20,000ஐ 40ஆல் வகுத்தால் 500. மாதம் 500 லிட்டர் விற்றால்தான் நட்டமின்றி நிற்கலாம். தம் உழைப்புக்குரிய ஊதியம் அதற்கு மேற்பட்ட விற்பனையில்தான் பிறக்கும். 300 லிட்டரே விற்றால் மாதம் ரூ. 8,000 குறையும். நலிந்த காலத்தில் ஆறு திங்களேனும் இவ்வாறு போகக்கூடும் என்று எண்ணினால், ரூ. 48,000 தனியே கையில் இருத்தல் வேண்டும். அது இல்லாதவர் எந்திரத்துக்குக் கடன் வாங்கியபின், குறையை ஈடுகட்ட இரண்டாவது கடன் வாங்குவார். தொழில்கள் பெரும்பாலும் முதற்கடனில் வீழ்வதில்லை. இரண்டாவது கடனில் வீழ்கின்றன.

கடன் பற்றியும் சில சொற்கள். அடமானமின்றிச் சிறுதொழிலுக்குக் கடன் தரும் முத்ரா திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. அதில் தொடக்க நிலையினருக்கான சிசு பிரிவில் ரூ. 50,000 வரை பெறலாம். தெருவோர வணிகருக்குத் தொடக்கத்தில் முதற்கடனாக ரூ. 10,000 வழங்கிய திட்டம் 2020 ஜூனில் வந்தது. இத்தகைய வழிகளை நாடாது, நாள்வட்டிக்கும் கந்துவட்டிக்கும் கைநீட்டுவது தீயை மடியில் கட்டுவதாகும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் உண்டு. சட்டம் இருந்தும் குடும்பங்கள் அழிவதைக் கண்ணெதிரே காண்கிறோம்.

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இடமளித்தபோது, பலர் அதனைத் தள்ளுபடி என்றே கருதினர். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. ஒத்திவைத்தலுக்கும் நீக்குதலுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமற் போனதால் பின்னர் வருந்தினர். வினைப்பயனைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. உதயத்துக்கு வாராத வினையும் இருப்பில் உள்ள வினையே அன்றோ?

வாய்ப்பா, பிறர் துன்பமா?

நலிந்த காலத்தில் சரக்கு மலிவு, வாடகை மலிவு, கூலியும் மலிவு. தொழில் தொடங்குவதற்கு இதுவே ஏற்ற காலம் என்று வாணிபம் அறிந்தோர் கூறுவர். கூற்று உண்மைதான். ஆயினும் மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா? மூடிய கடைக்காரரின் அலமாரியை நாம் பாதி விலைக்கு வாங்குகிறோம். அவர் விற்கவில்லையெனில் அதுவும் கிடைத்திராது; ஆதலின் வாங்குவது குற்றமன்று, சில வேளை உதவியுமாம். ஆனால் அவர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட நாளையே கடைசி நாள் என்பதை அறிந்து, இன்று மாலை வரை பேரத்தை இழுத்தடித்து, கால் விலைக்கு முடிப்பது குற்றம். பொருளின் விலை குறைந்தது ஒன்று; மனிதனின் நெருக்கடியை விலையாக்குவது வேறொன்று.

கூலியும் இவ்வாறே. வேலையற்றோர் வாயிலில் நிற்பதனால் அரை வயிற்றுக் கூலிக்கு ஆள் கிடைக்கும். கிடைப்பதெல்லாம் கொள்ளத்தக்கதன்று. உதவியாளரின் கூலியைக் குறைத்தால் மட்டுமே நம் கணக்கு நேராகும் எனின், அத்தொழில் நம்முடைய கைமுதலில் நிற்கவில்லை. அவருடைய பசியில் நிற்கிறது. அத்தகைய தொழிலைத் தொடங்காமை நன்று.

பதுக்கலோ இன்னும் கொடிது. 2020 மார்ச்சில் முகக்கவசமும் கைத்தூய்மைத் திரவமும் கிடைக்காமல் விலை ஏறின. அரசு அவற்றை இன்றியமையாப் பொருள்கள் என அறிவித்து, 200 மில்லி லிட்டர் திரவம் ரூ. 100க்கு மேல் போகலாகாது என்றும், மூன்றடுக்கு முகக்கவசம் ரூ. 10க்கு மேல் போகலாகாது என்றும் வரம்பு கட்டியது. அதே நாட்களில் திருப்பூரில் பனியன் தைத்த கூடங்கள் முகக்கவசமும் காப்புடையும் தைத்தன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தன. பற்றாக்குறையைக் கண்டு சிலர் மறைத்து வைத்தனர். சிலர் செய்து கொடுத்தனர். இருவருக்கும் வரவு வந்தது. ஒருவர் வரவால் ஊரின் குறை வளர்ந்தது. மற்றவர் வரவால் குறை தணிந்தது. எது தொழில், எது சூறை என்பதற்கு இதனினும் தெளிந்த அளவுகோல் வேண்டுமோ?

சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகம் அணுவிரதங்களின் அதிசாரங்களை எண்ணுகையில், கலப்படம் செய்தலையும் குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் கொள்ளுதலையும் களவின் பாற்படுத்துகிறது. பின்னால் விலை ஏறும் என்று மிகுதியாகச் சேர்த்து வைக்கும் அதிசங்கிரகத்தையும், பிறர் பெற்ற இலாபத்தைக் கண்டு திகைத்து ஏங்கும் விஸ்மயத்தையும் பொருள்வரைதல் என்னும் விரதத்தின் குற்றங்களாகக் கூறுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தப் பட்டியலை இன்றும் கடைச்சுவரில் மாட்டலாம். விஸ்மயத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். “பக்கத்து வீட்டுப் பையன் கோழிப்பண்ணையில் இவ்வளவு சம்பாதித்தான், பங்குச்சந்தையில் அவ்வளவு சம்பாதித்தான்” என்ற பேச்சுத்தானே நம் இளைஞரைத் தகாத தொழிலுக்கும் தாங்காத கடனுக்கும் தள்ளுகிறது?

இல்லறத்தார்க்குத் தொழிலால் நேரும் உத்தியோகி இம்சை முற்றிலும் விலக்கத்தக்கதன்று, குறைக்கத்தக்கது. ஆகவே காலம் நலிந்தது என்பதனால் கொல்லும் தொழிலுக்கும் மயக்கும் தொழிலுக்கும் நம் வாயில் திறந்துவிடாது. நெருக்கடியில் தளர்த்தத்தக்க விதி ஒன்று, தளர்த்தலாகாத விதி ஒன்று என இரண்டு உண்டு. கடையின் அளவு, பொருளின் வகை, வேலை நேரம், நம் பெருமை ஆகியன முதலாவதில் அடங்கும். பட்டதாரிப் பிள்ளை மாவு அரைத்து விற்றால் குலப்பெருமை குறையும் என்பார் இன்னும் உளர். அப்பெருமை குறையட்டும், குற்றமில்லை. எடைக்கல் குறையலாகாது.

தொடங்காமையும் ஒரு செயலே

இவ்வளவும் கேட்டபின், “எனின் ஒன்றும் செய்யாது சும்மா இருப்பதே பாவமற்றது” என்று ஒருவர் கூறக்கூடும். அதுவும் ஆராயத்தக்கது. ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர், பெருமந்தத்தைக் கண்டு 1936இல் எழுதிய நூலில் ஒரு கருத்தை வலியுறுத்தினார். ஒருவரது செலவே மற்றொருவரது வரவு. அஞ்சிய மக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் செலவைச் சுருக்கினால், எல்லோருடைய வரவும் சுருங்கும். இறுதியில் சேமிப்பும் சுருங்கும். தனி ஒருவரிடத்தில் நற்பண்பாக இருப்பது, ஊரார் அனைவரும் ஒருங்கே செய்யும்போது தீங்காகிவிடுகிறது.

இது சிக்கனத்துக்கு எதிரான வாதம் அன்று. அச்சத்துக்கு எதிரான வாதம். பெட்டியில் பூட்டிய பணமும், முற்றத்தில் சும்மா இருக்கும் இரு கைகளும், பயனற்றுக் கிடக்கும் ஒரு திறமையும் எவருக்கும் தீங்கிழைக்காதவை போலத் தோன்றும். ஆயினும் அவை கடலை விளைவித்தவரிடமிருந்து ஒரு மூட்டையையும், வண்டிக்காரரிடமிருந்து ஒரு நடையையும், உதவியாளரிடமிருந்து ஒரு நாட்கூலியையும் விலக்கி வைக்கின்றன. பரிகிரக பரிமாணம் பொருளுக்கு எல்லை வகுக்கச் சொல்கிறது. பொருளைச் சிறைவைக்கச் சொல்லவில்லை. எல்லைக்கு மேற்பட்டது பிறரிடம் செல்ல வேண்டும். தானமாகச் செல்வது ஒரு வழி. தொழிலாகச் செல்வது மற்றொரு வழி.

ஆனால் ஊர்நலத்தின் பெயரால் ஒரு குடும்பத்தைத் தீயில் இறக்குதலும் ஆகாது. நோயுற்ற முதியவரின் மருந்துச் செலவுக்கு வைத்த பணத்தை எடுத்துத் தொழில் தொடங்கி, “நான் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறேன்” என்பவர், பதினோராவது மனிதரை எண்ணாதவர் ஆவர். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்.

தொடங்குமுன் முடிவெல்லை

இவற்றை எல்லாம் தொகுத்து, தொழில் தொடங்க விரும்பும் இளையோர்க்கு நாம் கூற விரும்புவன சில.

வெள்ளைத்தாள் ஒன்றில் நான்கு வரிகள் எழுதுக. இத்தொழிலால் யாருடைய எந்தக் குறை தீரும்? இதற்கு இடும் பொருள் யாருடையது. அவர் அறிந்து ஒப்பினாரா? ஒரு மாதத்தில் எவ்வளவு விற்றால் நட்டமின்றி நிற்கும்? எவ்வளவு இழந்தால், எந்த நாளில், கடையை மூடுவோம்? இந்நான்காவது வரியை எழுதப் பலர் அஞ்சுவர்; தொடங்கும்போதே முடிவைப் பேசுவது அபசகுனம் என்பர். அபசகுனம் அன்று, அதுவே பரிமாணம், அதாவது அளவு. போகுமிடத்துக்குத் திசை எல்லை வகுத்துக்கொள்ளும் திக்விரதத்தைப் போல, இழப்புக்கும் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். நட்டம் வந்தபின் எல்லை வகுக்க இயலாது. அப்போது மனம் ஆசையின் பிடியிலோ அவமானத்தின் பிடியிலோ இருக்கும்.

நாள்வழியும் பேரேடும் அன்றன்றே எழுதுக. கடையின் பணப்பெட்டியும் வீட்டின் பணப்பெட்டியும் வேறாக இருக்கட்டும். வாங்கிய சரக்குக்கு உரிய நாளில் பணம் கொடுங்கள். சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய தொகையை 45 நாட்களுக்கு மேல் இழுத்தடிக்கலாகாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பெரியவர்கள் அதனை மீறுவதாக நாம் குறைபடுகிறோம். கடலை கொண்டுவந்த உழவருக்கு நாம் எத்தனை நாளில் கொடுக்கிறோம் என்பதையும் அதே நாட்காட்டியில் பார்க்க வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்வோம். பிள்ளை தொழில் என்றதும் “வேண்டாம்” என்று ஒற்றைச் சொல்லில் மூடிவிடாதீர்கள். மறுக்கப்பட்ட பிள்ளை முயற்சியைக் கைவிடுவதில்லை. உங்களுக்குத் தெரியாத இடத்தில் கடன் வாங்குகிறது. அந்த நான்கு வரித்தாளைக் கேளுங்கள். கணக்கைப் பாருங்கள். கொடுப்பதாயின், இழந்தாலும் உங்கள் முதுமை தளராத அளவுக்கே கொடுங்கள். கொடுத்தபின் குத்திக் காட்டாதீர்கள். கொடுக்க இயலாதாயின் காரணத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடை மூடப்பட்டு உங்கள் பிள்ளை ஒருநாள் வீடு திரும்பினால், வாயிற்கதவு திறந்திருக்கட்டும். தோற்றபின் திரும்ப ஓர் இல்லம் உண்டு என்று அறிந்தவர்தாம் உரிய நேரத்தில் கடையை மூடுவர்; அது இல்லாதவர் மானத்துக்கு அஞ்சி அடுத்த கடனை வாங்குவர்.

எனவே, நலிந்த காலத்தில் சிறுதொழில் தொடங்குதல் அறமாகுமா என்னும் வினாவுக்கு நம் விடை இது: பிறர் குறை தீர்ப்பதாய், தம் பொருளாலோ ஒப்பிய பொருளாலோ நடப்பதாய், ஒருவர் நெருக்கடியை விலையாக்காததாய், தன் இழப்புக்குத் தானே எல்லை வகுத்ததாய் இருக்குமாயின் ஆகும். இந்நான்கும் அமையாத தொழில் செழிப்பான காலத்திலும் அறமாகாது. காலம் நம் செயலின் இயல்பை மாற்றவில்லை. செழிப்பில் மறைந்திருந்த இயல்பை வெளியே காட்டுகிறது. கற்பக மரம் வாடியபோதுதான் மனிதர்க்குத் தம் கைகள் இருப்பது தெரிந்தது. அக்கைகள் தூயனவாய் இருக்கட்டும்.